கறுத்த கத்திப் பிடியைத் தேய்ப்பதற்கு முன்

மைகார்ட்டா (பிசினில் தோய்த்த துணி அடுக்குகளை இறுக்கிச் செய்த பலகை) பிடி கறுத்துவிட்டது, பழைய நிறத்துக்குக் கொண்டுவர என்ன செய்வது என்று யாராவது கேட்டால், நான் முதலில் கேட்பது "இந்தக் கத்தியால எதையெல்லாம் வெட்டுறீங்க?" என்றுதான். அடுத்து, வேலை முடிந்ததும் அதை எங்கே வைப்பீர்கள் என்று கேட்பேன். இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் பிடியில் பிரஷ்ஷை வைப்பதில்லை. கண்ணுக்கு எல்லாம் ஒரே கறுப்பாகத்தான் தெரியும். ஆனால் அது எண்ணெய் அழுக்காக இருக்கலாம், பலாப்பாலாக இருக்கலாம், இரும்பும் துவர்ப்பும் சேர்ந்து விழுந்த கறையாக இருக்கலாம், வெறும் வெயிலாகவும் இருக்கலாம். ஒன்றுக்குக் கேட்கிற மருந்து இன்னொன்றுக்குக் கேட்காது, சிலதுக்குக் கெடுதலும் செய்யும்.

எங்களுக்கு ஏற்காட்டில் நாகலூர் பக்கம் கொஞ்சம் காப்பியும் மிளகும் இருக்கிறது. குடியிருப்பது சேலத்தில். கத்தி என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிரியம். மச்சான் வெளிநாட்டிலிருந்து வந்தபோது பச்சை மைகார்ட்டா பிடி போட்ட கத்தி ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். கையில் ஈரம் இருந்தாலும் வழுக்காத அந்தப் பிடி பிடித்துப்போய், அப்புறம் சேலத்திலேயே லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துக் கத்தி செய்கிற ஒரு பட்டறையில் மைகார்ட்டா மாதிரியே இருக்கிற துணி ஹைலம் பிடி போட்டுச் சில கத்திகள் செய்து வாங்கினேன். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் அதே பிடிதான். நான் சுத்தம் செய்வதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களும் கறுத்த கத்திகளைக் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்தக் கத்திகளில் பார்த்ததுதான்.

முதலில் பொருளைப் புரிந்துகொள்ள வேண்டும். லியோ பேக்லேண்ட் 1907இல் பீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்து ஒரு பிசினைக் கண்டுபிடித்தார். அதுதான் பேக்லைட். அந்தப் பிசினில் துணியையோ காகிதத்தையோ தோய்த்து, அடுக்கடுக்காக வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் பலகையாக இறுக்கினால் மைகார்ட்டா. அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி சுமார் 1910 முதல் மின் கருவிகளில் கரண்ட் பாயாமல் தடுப்பதற்காக இதைச் செய்தது. கத்திப் பிடிக்கு வந்ததெல்லாம் பிற்பாடு. நம் ஊரில் ஹைலம் என்று வாங்குகிற பழுப்பு ஷீட்டும் இதே குடும்பம்தான். மோட்டார் டெர்மினல் பலகை, பழைய சுவிட்ச் போர்டு, மெஷின்களின் பல்சக்கரம் என்று பல இடங்களில் இருந்த சாமான். விசைத்தறி ஓடுகிற சேலத்தில் இதைத் தெரியாத மெக்கானிக் இருக்க மாட்டார்.

செவ்வாய்ப்பேட்டையில் ஷீட் வாங்கப் போனால் கடைக்காரர் கேட்பதே விஷயத்தைச் சொல்லிவிடும்.

"ஆறு எம்எம் ஹைலம் வேணும்ண்ணா."

"துணியா, பேப்பரா?"

"துணி. கத்திப் பிடிக்கு."

"மொத்த நெசவா, சன்ன நெசவா? பிடிக்குன்னா மொத்தத்தை எடுங்க. பிடிப்பு நல்லா இருக்கும்."

பிடிப்பு நன்றாக இருப்பதற்கும் சீக்கிரம் கறுப்பதற்கும் காரணம் ஒன்றேதான். பலகையின் உள்ளே நூல் முழுக்கப் பிசினில் ஊறிக் கிடக்கிறது. ஆனால் பிடியாக அறுத்து, சாண்ட்பேப்பர் பெல்ட்டில் தேய்த்து வடிவம் கொடுத்ததும் மேற்பரப்பில் நூல்களின் வெட்டுமுனை வெளியே வந்துவிடும். ஒரு பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். வளைவான இடங்களில் துணி அடுக்குகள் வட்ட வட்டமாக வரைபடக் கோடுகளாய்த் தெரியும். அந்தக் கோடுகளின் ஓரத்தில் நூல்முனைகள் ஷேவ் செய்த மறுநாள் தாடி போல லேசாக நிமிர்ந்து நிற்கும். கையில் சொரசொரப்பாகப் படுவது அதுதான். வேர்வை, எண்ணெய், சாறு எல்லாவற்றையும் குடிப்பதும் அதுதான். மொத்த நெசவில் நூல்முனை பெரிசு, அதனால் குடிப்பதும் அதிகம். சன்ன நெசவும் காகிதமும் அவ்வளவு குடிக்காது. ஜி10 என்று விற்கிற கண்ணாடி இழைப் பிடி அநேகமாகக் குடிப்பதே இல்லை. அதன் வரிப்பள்ளத்தில் அழுக்கு அடைந்திருக்கும், பல் துலக்கும் பிரஷ்ஷும் சோப்பும் போதும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் ஏமாறுவது இங்கேதான். நூல்முனைகளுக்கு இடையில் காற்று இருக்கும்போது வெளிச்சம் அங்கே சிதறிப் பிடி வெளுப்பாகத் தெரியும். அந்த இடத்தில் தண்ணீரோ எண்ணெயோ நிறைந்தால் வெளிச்சம் உள்ளே போய்விடுகிறது, பிடி இரண்டு மூன்று ஷேடு கறுப்பாகத் தெரியும். ஆகவே கழுவிய ஈரத்தோடு பார்த்து 'இன்னும் போகவில்லை' என்று மேலும் மேலும் தேய்க்கக் கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகு தெரிவதுதான் பிடியின் நிறம். ஏற்காட்டில் பனிமூட்டம் இறங்கியிருக்கிற நாட்களில் கழுவிய துணியே காயாது, நூல் குடித்த ஈரம் எங்கே காயும்? அந்தச் சமயத்தில் நான் கத்தியைச் சேலத்துக்கு எடுத்துவந்துவிடுவேன். இங்கே மின்விசிறிக் காற்றில் ஒரு ராத்திரி வைத்தால் போதும். சீக்கிரம் காயட்டும் என்று அடுப்புப் பக்கத்தில் வைக்க வேண்டாம். மைகார்ட்டா தாங்கும், அதை இரும்போடு ஒட்டியிருக்கிற எபாக்ஸி பசை தாங்காது.

சரி, கறுப்பு எந்த ஜாதி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காய்ந்த பிடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு உருண்டு நின்றால் நூலில் எண்ணெய் ஏறியிருக்கிறது. உள்ளே இழுத்துக்கொண்டு அந்த இடம் மட்டும் கறுத்தால் நூல் திறந்திருக்கிறது, எண்ணெய் இல்லை. அடுத்தது, பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்து ஒரு மூலையில் அழுத்தித் துடையுங்கள். பஞ்சு மஞ்சளாகவோ காப்பி நிறமாகவோ வந்தால் எண்ணெயும் வேர்வையும்தான். பஞ்சு சுத்தமாக வந்து, பிடி மட்டும் கறுப்பாகவே இருந்தால் இரும்புக் கறை அல்லது வெயில். இந்த இரண்டையும் பிரிக்க நிறத்தைப் பார்த்தாலே போதும். இரும்புக் கறை நீலம் கலந்த கறுப்பு. கத்தியின் தண்டு, அதாவது பிளேடின் தொடர்ச்சியாகப் பிடிக்குள் போகிற இரும்பு, பிடியைத் தொடுகிற ஓரத்திலும், சாறு வழிந்த தடத்திலும், திட்டுத் திட்டாக இருக்கும். வெயில் கொடுக்கிற நிறம் பழுப்பு. ஒரே சீராகப் பரவியிருக்கும், உறை மறைத்த இடத்தில் கோடு போட்ட மாதிரி நின்றுவிடும். பிடியைத் திருகாணி போட்டு மாட்டியிருந்தால் கழற்றி உள்பக்கத்தைப் பாருங்கள். வெளிச்சமும் கையும் படாத அந்தப் பக்கம்தான் ஆதி நிறம். எவ்வளவு தூரம் திரும்பிப் போக முடியும் என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது.

என்னிடம் வருகிற பிடிகளில் பெரும்பாலானவை எண்ணெய் அழுக்குதான். அதற்கு வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், பழைய நைலான் பல் பிரஷ், இவ்வளவே. சோப்பை நேராகப் பிடியில் விட்டு, சில நிமிடம் விட்டுவிட்டு, நெசவுக்குக் குறுக்காகவும் நெடுக்காகவும் தேய்க்க வேண்டும். நுரை முதலில் சாம்பல் நிறத்தில் வரும். கழுவிவிட்டு மறுபடி சோப்பு போட வேண்டும். நுரை வெள்ளையாக வருகிறவரை இதே வேலை. மினுக்கமில்லாத பிடி என்றால் பாத்திரம் தேய்க்கும் பவுடரைக் குழைத்துத் தேய்க்கலாம், நன்றாகவே எடுக்கும். பாலீஷ் போட்ட பிடியில் பவுடர் வேண்டாம், மினுக்கம் போய்விடும். பித்தளைக் கம்பி பிரஷ் எந்தப் பிடிக்கும் வேண்டாம். அது நூலைக் கிழிக்கும், தன் உலோகத்தையும் நெசவில் பூசிவிட்டுப் போகும்.

எங்கள் தெரு போர் தண்ணீர் கடின நீர். அதில் கழுவினால் காய்ந்த பிறகு பிடியில் வெளிறிய படலம் ஒன்று நிற்கும். அது சோப்பும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்த படிவம். நிறம் மங்கிவிட்டது என்று நினைத்து அதன்மேல் எண்ணெய் தடவினால் பிசுபிசுப்புத்தான் மிஞ்சும். கடைசி அலசலுக்கு ஆர்ஓ தண்ணீரோ மழைத் தண்ணீரோ பிடித்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

சோப்புக்கு மிஞ்சிய எண்ணெய்க்கு ஆல்கஹால். பஞ்சில் நனைத்துப் பிடியைச் சுற்றி, மேலே ஒரு பிளாஸ்டிக் கவரை இறுக்கிக் கட்டிக் கொஞ்ச நேரம் விட்டால் உள்ளே இருப்பது பஞ்சுக்கு வந்துவிடும். நெருப்புப் பக்கத்தில் இருக்கக் கூடாது, சொல்ல வேண்டியதில்லை. அசிட்டோனையும் பலர் சொல்வார்கள். இறுகிய பீனாலிக் பிசினுக்கு ஒரு துடைப்பால் ஒன்றும் ஆகாது. ஆனால் பிடிக்கும் இரும்புக்கும் நடுவில் வைத்திருக்கிற வண்ண பிளாஸ்டிக் பட்டைக்கும், ஒட்டின கோந்துக்கும், பிளேடில் அச்சடித்த எழுத்துக்கும் அது எமன். எனக்கு அது தேவைப்பட்டதே அபூர்வம்.

பலாப்பால் தனிக் கதை. பலா சீசனில் வீட்டுக்கு வீடு கத்தியிலும் கையிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு பழம் அறுப்பார்கள். பிளேடுக்கு அது சரி. பிடியில் என்ன நடக்கிறது என்றால், நூல் முதலில் எண்ணெயைக் குடிக்கிறது, அதன்மேல் பால் ஒட்டுகிறது, அந்தப் பாலில் தூசியெல்லாம் அப்பிக்கொள்கிறது. கொஞ்ச நாளில் தார் பூசின மாதிரி ஆகிவிடும். இதில் சோப்பு நேராகப் பிடிக்காது, தேய்த்தால் பால் இன்னும் உள்ளே போகும். முதலில் பழைய துணியில் மறுபடி எண்ணெய் எடுத்து அழுத்தித் துடைத்துப் பாலை இளக்கி எடுக்க வேண்டும். பால் முழுக்க வந்த பிறகுதான் சோப்பு. எண்ணெயும் சேர்ந்து போக வேண்டும் என்பதால் சோப்பு வேலை வழக்கத்தைவிட நீளும். வரிசை மாறினால் வேலை இரட்டிப்பு.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன், இரும்புக் கறை. எங்கள் தோட்டத்தில் பழம் பறிக்க வருகிற அக்கா ஒருவர் வாழையும் வெட்டுவார். அவருடைய கத்தியை நான் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது அழுக்கு இல்ல, வாழக் கறை. சேலையில பட்டாலே போகாது, இதுல எங்க போகப்போகுது?" அவர் சொன்னது சரி. அதே வாழையை மச்சான் கொடுத்த துருப்பிடிக்காத கத்தியாலும்தான் வெட்டுகிறோம். அதன் பிடி பழுப்பாகிறதே தவிர இப்படி மைக்கறுப்பு ஆவதில்லை. லாரிப் பட்டைக் கத்தியின் பிடிதான் கறுக்கிறது. வித்தியாசம் பிளேடில் இருக்கிறது.

(சேலம் என்றால் ஸ்டெயின்லெஸ் ஊராயிற்றே, எதற்கு லாரிப் பட்டை என்று கேட்பவர்களுக்கு: பாத்திரம் செய்கிற 304 ஸ்டெயின்லெஸ் தகடு நெருப்பில் காய்ச்சித் துவைச்சல் கொடுத்தாலும் (சூட்டோடு முக்கிக் குளிரவைத்தாலும்) கடினமாகாது, வாய், அதாவது கூர், நிற்காது. லாரிப் பட்டையில் கார்பன் அதிகம், துவைச்சல் கொடுத்தால் வாய் நிற்கும். அதற்கு விலை, துரு.)

வாழைச்சாறு, காப்பிப் பழத்தோல், பாக்கு, பச்சை மரப்பட்டை எல்லாவற்றிலும் துவர்ப்புச் சத்து, அதாவது டானின் இருக்கிறது. அந்தச் சாறு இரும்பைத் தொட்டால் கொஞ்சம் இரும்பைக் கரைத்துக்கொள்ளும். இரும்பும் டானினும் சேர்ந்து காற்றுப் பட்டதும் கருநீலமாகிவிடும். அந்தக் காலத்தில் கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சியதும், வாழைப்பூ நறுக்கினால் அரிவாள்மணையும் விரலும் கறுப்பதும் இதே வேலைதான். வெட்டும்போது சாறு பிளேடில் வழிந்து, தண்டு வழியாகப் பிடி ஓரத்துக்கு வந்து, நூல்முனையில் ஏறிக்கொள்கிறது. ஏறிய பிறகு அது பருத்தித் துணியில் பிடித்த மை. சோப்பும் ஆல்கஹாலும் அதை ஒன்றும் செய்யாது.

இதற்குக் கேட்கிற மருந்து ஆக்சாலிக் அமிலம். மரச்சாமானிலும் கல் தரையிலும் துருக்கறை எடுக்க விற்கிற வெள்ளைப் பொடி, கெமிக்கல் கடைகளில் கிடைக்கும். அது இரும்பைப் பிடித்து இழுத்து நீரில் கரைகிற பொருளாக மாற்றிவிடுகிறது. இரும்பு போனால் கறுப்பும் போயிற்று. ஒரு டம்ளர் வெந்நீருக்கு ஒரு டீஸ்பூன் பொடி தாராளம். சமையல் பாத்திரத்தில் கலக்கக் கூடாது, ஒரு பிளாஸ்டிக் கப்பை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். வாய்க்குள் போனால் விஷம், கையுறையும் கண்ணாடியும் வேண்டும், பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது, பொடி பறக்காமல் கையாள வேண்டும்.

பிளேடைக் காப்பாற்றுவது முக்கால்வாசி வேலை. இரும்பு முழுவதும் கிரீஸ் தடவி, மேலே டேப் சுற்றிவிடுவேன். கரைசல் லாரிப் பட்டை இரும்பில் பட்டால் மஞ்சளும் சாம்பலுமான ஒரு படலம் கட்டிவிடும். அப்புறம் பஞ்சுக் குச்சியை நனைத்துக் கறையின் ஒரு மூலையில் மட்டும் வைத்துப் பார்க்க வேண்டும். இரும்புக் கறை என்றால் கண் முன்னாலேயே நடக்கும். கருநீலம் முதலில் சாம்பலாகும், சாம்பல் மங்கி, நெசவின் குறுக்கு நூல் ஒன்று வெளியே தெரியும், பக்கத்து நூல் தெரியும், அப்புறம் கட்டம் கட்டமாகத் துணி மொத்தமும் எழுந்து வரும். இதைப் பார்ப்பதற்காகவே நான் இந்த வேலையை வெளிச்சத்தில் உட்கார்ந்து செய்வேன். ஒரு மாற்றமும் இல்லையென்றால் அது இரும்புக் கறை இல்லை, அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கேட்கிறது என்றால் நனைத்த பஞ்சைக் கறை மேல் போர்த்திப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, கழுவி, தேவைப்பட்டால் மறுபடி. முடிந்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் துடைத்து, நிறைய நல்ல தண்ணீரில் அலச வேண்டும். இங்கேயும் கடின நீர் ஆகாது. சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து நூலுக்குள் வெள்ளையாகப் படிந்துவிடும், அது எளிதில் கரையாது. புதுக்கறை, அன்றைக்கே பட்டது என்றால் எலுமிச்சம்பழ மூடியைத் தேய்த்துக் கழுவினாலே பெரும்பாலும் போய்விடும்.

வெளுப்பதற்கென்று யாராவது பிளீச்சிங் திரவம் சொன்னால் கேட்க வேண்டாம். குளோரின் துருப்பிடிக்காத இரும்பிலும் பொட்டுப் பொட்டாகக் குழி போடும், பருத்தி நூலை அரிக்கும், இரும்புக் கறையைத் துருநிறமாக மாற்றி நிரந்தரமாக்கிவிடும். அதோடு அமிலம் எதுவும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடின பாத்ரூமில் உயிருக்கே ஆபத்து. அடைப்பு எடுக்கிற காஸ்டிக் சோடாவும் ஆகாது, அது பிசினையே தின்னும். கொதிக்க வைப்பது, பிடியோடு இரவெல்லாம் தண்ணீரில் ஊறப் போடுவது இரண்டும் கூடாது. ஒட்டின பிடியில் தண்ணீர் இடுக்கு வழியாக உள்ளே போனால் தண்டு மறைவாகத் துருப்பிடிக்கும், அது வெளியே தெரிகிற நாளில் பிடி கழன்றிருக்கும்.

பித்தளை ஆணி உள்ள பிடியில் ஆணியைச் சுற்றிப் பச்சை வளையம் இருக்கும். பழைய எண்ணெயும் செம்புச் சத்தும் சேர்ந்த பிசின் அது. பல்குத்தும் குச்சியால் சுரண்டிவிட்டு ஆல்கஹாலில் துடைத்தால் போதும். ஆணி மின்ன வேண்டும் என்று புளி போட்டுத் தேய்க்காதீர்கள், புளிச்சாறு பக்கத்து நூலில் இறங்கிக் கறையாகும்.

இனி வெயில். இதைப் பற்றி என் கருத்து கொஞ்சம் பிடிவாதமானது. பீனாலிக் பிசினுக்கு வெளிச்சத்திலும் காற்றிலும் பழுப்பாவது சுபாவம். சாயம் போடாத மைகார்ட்டா புதிதில் வெளிர் மஞ்சள் பழுப்பாக இருக்கும், வெயில் பட்டுத் தேன் நிறமாகி, அப்புறம் அடர்ந்த பழுப்பாகும். பச்சைப் பிடியில் பச்சை நூலுக்கு மேல் இந்தப் பழுப்பு ஏறும்போது பாசி நிறம் வரும். இதில் அழுக்கு எதுவும் இல்லை, எடுக்கவும் ஒன்றுமில்லை. பொருளே மாறியிருக்கிறது. மாறியது மேலே மெல்லிய அடுக்குதான், தேய்த்து எடுத்தால் கீழே பழைய நிறம் வரும். ஆனால் மறுபடி வெயில் பட்டால் மறுபடி பழுப்பாகும். ஒவ்வொரு தடவையும் பிடி கொஞ்சம் இளைக்கும், ஆணிகள் மேட்டுக்கு வரும், கைக்கு அமைந்திருந்த வளைவு மாறும். ஆகவே ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் வெயில் பட்டு இரண்டு பக்கமும் இரண்டு நிறமாகிவிட்டது என்றால்தான் நான் தேய்ப்பேன். சீராகப் பழுத்த பிடியைக் கொண்டுவந்து "புதுசு மாதிரி பண்ணிக் குடுங்க" என்று கேட்டால், சோப்பு வேலையை மட்டும் செய்து காயவைத்துக் காட்டுவேன். எண்ணெய் போன அந்தத் தேன் நிறத்தைப் பார்த்த பிறகும் தேய்க்கச் சொன்னவர்கள் குறைவு.

தேய்ப்பது என்று முடிவானால் வாட்டர் பேப்பர் மட்டும், தண்ணீர் தொட்டு மட்டும். உலர்ந்த தூசி மூச்சுக்கு ஆகாது. ஈரத்தில் தேய்த்தாலும் பிசின் வாசனை தூக்கும், மாஸ்க் போட்டுக்கொண்டு காற்றோட்டமான இடத்தில் உட்கார வேண்டும், தேய்த்த சேற்றைக் காயவிடாமல் கழுவிவிட வேண்டும். ஜி10 என்றால் கண்ணாடித் தூசி, அதை நான் தேய்ப்பதே இல்லை.

தேய்ப்பதில் இரண்டு விஷயம் யாரும் சொல்லித் தராதவை. ஒன்று, தண்டின் இரும்பையும் ஆணியையும் சேர்த்துத் தேய்த்தால் இரும்புத் தூள் கறுப்புச் சேறாகி நூலுக்குள் போய்விடும். சுத்தம் செய்யப் போய்ப் புதுக்கறை போட்டதாக முடியும், அடுத்த தடவை வாழைச்சாறு பட்டால் உள்ளேயே மையாகும். தண்டு ஓரத்தை டேப்பால் மறைத்து, பேப்பரைச் சின்ன ரப்பர் கட்டையில் சுற்றி, பிடியின் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தள்ளித் தேய்த்து ஓரத்துக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். இன்னொன்று, எந்த நம்பர் பேப்பரில் நிறுத்துகிறீர்களோ அதுதான் நிறம் (நம்பர் கூடக் கூடப் பேப்பர் நுண்மையாகும்). 220இல் நிறுத்தினால் நூல்முனை சிலிர்த்து வெளுப்பாக, சொரசொரப்பாக இருக்கும். 400இல் நெசவு தெளிவாகத் தெரியும். 600க்கு மேல் போனால் மேற்பரப்பு வழவழத்து நிறம் அடர்ந்துவிடும், பஃப் சக்கரத்தில் மினுக்கினால் இன்னும் கறுப்பாகும். வெளுப்பு வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நுண்ணிய பேப்பராக வாங்கி வாங்கித் தேய்க்கிறவர்கள் எதிர்த்திசையில் போகிறார்கள். வேலை செய்கிற கத்திக்கு நான் 320இலோ 400இலோ நிறுத்திவிடுவேன். கையில் பிடிப்பும் இருக்கும், மறுபடி கழுவுவதும் சுலபம்.

கறுப்பு மைகார்ட்டாவுக்கும் அடர்பச்சைக்கும் கதை தலைகீழ். இவற்றை நன்றாகக் கழுவிக் காயவைத்தால் சாக்பீஸ் தூள் படிந்த மாதிரி சாம்பல் பூத்துவிடும். சாயம் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம், நூல்முனைகளுக்கிடையில் காற்று நுழைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள், அந்த இடத்தில் ஆதிக் கறுப்பு தெரியும். அந்த நிறம் நிற்க வேண்டுமானால் மருந்துக் கடையில் விற்கிற லிக்விட் பாரபின் சில சொட்டு தடவி, ஊறவிட்டு, மிச்சத்தை அழுத்தித் துடைத்துவிட வேண்டும். அதற்கு மணமில்லை, சிக்குப் பிடிக்காது. தேங்காய் எண்ணெய் நாளாகச் சிக்கு வாடை அடிக்கும், ஏற்காட்டுக் குளிரில் நூலுக்குள் உறைந்து வெள்ளைப் பூப் பூக்கும். நல்லெண்ணெய் நாள்பட ஒட்டும். ஆளிவிதை எண்ணெய் இறுகி மஞ்சளாகும், அப்புறம் அதை எடுக்க வாட்டர் பேப்பர்தான் வழி. சாயம் போடாத பிடியில் எந்த எண்ணெயும் வேண்டாம். கஷ்டப்பட்டு எடுத்த நிறத்தை அதே நிமிடம் திருப்பிக் கொடுத்தது போலாகும்.

மடக்குக் கத்தியென்றால் பிடியைக் கழற்றிச் செய்வதே நல்லது. நட்சத்திரத் தலைத் திருகாணிக்குச் சரியான டார்க்ஸ் முனை வேண்டும், கிட்டத்தட்டப் பொருந்துகிற முனையை வைத்துத் திருகினால் தலை மழுங்கிவிடும். திருகாணி கழலாமலிருக்க நீலப் பசை போட்டிருந்தால் சாலிடரிங் அயர்ன் முனையைத் தலையில் மட்டும் சிறிது நேரம் வைத்தால் இளகும். கழற்றிய பிடியைத் தாராளமாகச் சோப்புத் தண்ணீரில் போட்டு எடுக்கலாம், தண்டு துருப்பிடிக்குமே என்ற கவலை இல்லை.

சுத்தம் செய்த பிடி சீக்கிரம் மறுபடி கறுக்கிறதா என்பது பெரும்பாலும் உறையைப் பொறுத்தது. இதை நான் வெகுநாள் கவனித்திருக்கிறேன். கடுக்காய், ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோலில் டானின் நிறைய இருக்கும். அதில் ஈரக் கத்தியைச் செருகினால் தோலிலிருந்து டானின், பிளேடிலிருந்து இரும்பு, நடுவில் ஈரம். கழுத்துப் பக்கம், உறை வாய் பிடியைத் தொடுகிற இடத்தில், அரைவட்டமாக ஒரு கறுப்பு விழும். வாழையே வெட்டாத கத்தியிலும் இந்த அரைவட்டத்தைப் பார்த்திருக்கிறேன். அதனால் தோட்டத்துக் கத்திகளுக்குத் தோல் உறையை விட்டுவிட்டு பிளாஸ்டிக் உறை போட்டோம். தோல் உறைதான் பிடிக்கும் என்கிறவர்கள் இடுப்பில் இருக்கும்வரை அதில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் கத்தியை உருவித் துடைத்து, உறையையும் கத்தியையும் தனித்தனியாக வைத்தால் போதும்.

காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில் சாயங்காலம் பழத்தோல் உரிக்கிற பல்பிங் தொட்டிப் பக்கம் ஒரு வாளித் தண்ணீரும் பிரஷ்ஷும் வைத்துவிடுகிறோம். கூடையை இறக்கிவைக்கிறவர்கள் கத்தியை அதில் ஒரு தேய்ப்புத் தேய்த்து, பிளேடைத் துடைத்து எண்ணெய்த் துணியில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, நிழலில் கம்பியில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். பிளேடுக்கு எண்ணெய், பிடிக்கு எண்ணெய் இல்லாத துணி என்று இரண்டு துணிகள் தனியாகத் தொங்குகின்றன. அந்த அக்காவின் கத்தியில் தண்டு ஓரம் மட்டும் லேசாகக் கறுத்திருக்கிறது, வாழை வெட்டுகிற கத்திக்கு அது பரவாயில்லை என்று அவரும் சொல்லிவிட்டார், நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன்.